ஆட்டுக்குட்டிக் கதையும் பதினான்கு பக்க அறிக்கையும்

அந்த அம்மா அறிக்கையை ஒரு ஜவுளிக்கடைப் பையில் வைத்து, அதை இன்னொரு பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். 2024 ஆடி மாதம், காற்று கதவை அடித்துக்கொண்டே இருந்த ஒரு மதியம். பையன் அவர் முந்தானையைப் பிடித்தபடி நின்றான். ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. அவனை இங்கே மாரி என்று சொல்கிறேன், உண்மைப் பெயர் அது இல்லை.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க டீச்சர். எம்புள்ளைக்குப் பேச்சே சரியா வராதுன்னு போட்டிருக்காமே?"

பதினான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். நகரத்தில் ஒரு தனியார் மையத்தில் பணம் கட்டி எடுத்த பரிசோதனை. அந்த அம்மா பட்டாசு ஆலையில் நாள்கூலிக்குப் போகிறவர். மூன்றாம் வகுப்பு வரை பையன் ஆங்கில வழிப் பள்ளியில் படித்திருக்கிறான். "படிப்பு ஏறல, எங்கயாச்சும் காட்டுங்க" என்று அங்கே சொன்னதால் கடன் வாங்கிக் காட்டியிருக்கிறார். அறிக்கை வந்ததும் அவனைத் தமிழ் வழி அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டார்.

நான் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர், கற்றலில் சிரமப்படுகிற பிள்ளைகளைப் பார்ப்பது என் வேலை. விருதுநகர் மாவட்டத்துக் கிராமங்களில் பதினான்கு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். அறிக்கைகள் நிறைய வாசித்திருக்கிறேன். இந்த அறிக்கையில் ஏழாம் பக்கத்தில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. மாரியின் மொழி வளர்ச்சி நான்கே முக்கால் வயதுக் குழந்தையின் அளவில் இருக்கிறதாம். எந்த மொழி என்று தேடினேன். படம் காட்டிப் பெயர் கேட்டது, வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னது, கதை கேட்டது என்று எல்லாமே ஆங்கிலத்தில். வீட்டில் அவன் காதில் விழவே விழாத ஒரு மொழியில் அவனுடைய மொழி வளர்ச்சியை அளந்திருக்கிறார்கள். கோடரி படத்தைப் பார்த்து அவன் "கோடாலி" என்று சொல்லியிருப்பான். அதற்கு மதிப்பெண் கிடையாது.

எனக்குக் கோபம் வந்தது. அந்த அம்மா முன்னால் காட்டிக்கொள்ளவில்லை.

முதலில் காதும் கண்ணும். எந்தப் பிள்ளை வந்தாலும் நான் இதிலிருந்துதான் தொடங்குவேன், காரணம் இருக்கிறது. சில வருடம் முன்பு இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியை "சொல்வதெழுதுதலில் பூஜ்யம்" என்று அனுப்பினார்கள். காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. மருந்து போட்டு, காது கேட்கத் தொடங்கியதும் எழுத்தும் வந்தது. மாரிக்கு அரசு மருத்துவமனையில் இரண்டும் பார்த்தோம், குறை ஒன்றும் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் தனியாக என் முன்னால் உட்கார்ந்தான். புத்தகத்தை எடுக்கவில்லை. வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். ஆடு என்றான். அப்புறம் அவனை நிறுத்த முடியவில்லை.

"மொத குட்டி சும்மா வந்துருச்சு டீச்சர். ரெண்டாவதுக்கு காலு மொதல்ல வந்துருச்சு. ஆடு கத்துது, மழ வேற. பாட்டி கையில வெளக்கெண்ணயத் தடவிக்கிட்டு மெல்ல இழுத்துச்சு. குட்டிக்கு மூச்சே இல்ல. மூக்குல ஊதி, வைக்கோல வச்சுத் தேச்சுச்சு. அதுக்கப்புறந்தான் தும்முச்சு. இளங்கொடிய நாய் தூக்கிட்டுப் போயிரக்கூடாதுன்னு நான்தான் காவலுக்கு நின்னேன்."

இதைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். (இளங்கொடி என்றால் குட்டி போட்ட பிறகு விழுகிற நஞ்சுக்கொடி.) காரணம், விளைவு, முன்னால் நடந்தது, பின்னால் நடந்தது, யார் எதற்காகச் செய்தார்கள், எல்லாம் வரிசையாக இருக்கிறது. 'போயிரக்கூடாதுன்னு' என்று ஒரு நோக்கத்தை இன்னொரு செயலுக்குள் கட்டி வைக்கிறான். மொழியில் நாலே முக்கால் வயதில் நிற்கிற பிள்ளை இவ்வளவு கோர்வையாகச் சொல்வது அரிது. அவன் பேச்சில் எந்தக் குறையும் இல்லை என்று அந்தப் பத்து நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அறிக்கை முழுக்கத் தப்பு, பையன் நன்றாக இருக்கிறான் என்று இத்தோடு முடித்திருந்தால் நானும் அவனுக்கு அநியாயம்தான் செய்திருப்பேன். வாசிக்கச் சொன்னதும் அவன் வேறு பிள்ளையாகிவிட்டான். தோள் சுருங்கியது. விரலை எழுத்தின் மேல் வைத்து அழுத்தினான், நகம் வெளுத்தது.

வீட்டில் பிள்ளைகளைத் திட்டுகிற பெற்றோர்களுக்காகத் தமிழ் எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மொத்தம் 247 எழுத்து. அதில் 216 உயிர்மெய். ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்தோடு இதை வைத்துப் பார்த்து, "இரண்டாம் வகுப்பு வந்தும் எழுத்துத் தெரியவில்லை" என்று பயப்படக் கூடாது. நம்முடையதைப் போன்ற எழுத்துமுறை கொண்ட கன்னடத்தில், பிள்ளைகள் வாசிக்கக் கற்பதைப் பற்றி ஆய்வாளர் சோனாலி நாக் ஆராய்ந்து 2007-இல் எழுதியிருக்கிறார். அங்கே பிள்ளைகள் நான்காம் வகுப்பிலும் எழுத்துகளைக் கற்றுக்கொண்டேதான் இருந்தார்கள். ஆக, எழுத்து தாமதமாவது மட்டும் குறைபாடு ஆகாது. எந்த எழுத்தில், எந்த வகையில் தடுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கு, டு, மு, ரு ஒரு மாதிரி வளையும். சு, பு, யு, வு கீழே இறங்கும். து, நு, லு, று வேறு மாதிரி மேலே ஏறும். ஒரே ஒலிக்கு ஒரே குறி கிடையாது. (1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது ணை, லை, ளை, னை போன்றவற்றின் பழைய வடிவம் போய் எல்லாம் ஒரே சீரானது. உகரத்தில் யாரும் கை வைக்கவில்லை. அதன் பாரத்தை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இன்றும் சுமக்கிறார்கள்.) உகரத்தில் மட்டும் தடுமாறுகிற பிள்ளைக்குப் பயிற்சி போதும்.

மாரி உகரத்தில் மட்டும் தடுமாறவில்லை. துணைக்கால் அவன் கண்ணுக்கு நிலையாக நிற்கவே இல்லை. 'தோட்டம்' என்பதைத் 'தேட்டம்' என்றான். 'கொடி'யை 'கெ... ர... டி' என்றான், காலை ரகரமாக எடுத்துக்கொண்டு. கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, நடுவில் மெய், ஆனால் ஒலி ஒன்றுதான். பெரியவர்கள் நமக்கு இது பழகிவிட்டது. ஒலியையும் உருவையும் இணைப்பதில் சிரமப்படுகிற பிள்ளைக்கு அது பெரிய புதிர்.

'நுங்கு' என்ற சொல்லைக் காட்டினேன். "துங்கு" என்றான். உடனே முகத்தைச் சுளித்து, "அப்படி ஒண்ணு இல்லையே டீச்சர்" என்று மறுபடி பார்த்து, "நுங்கு!" என்றான். மொழி அறிவு அவனைக் காப்பாற்றுகிறது. எழுத்து கைவிடும் இடத்தில் பொருளைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுகிறான். பிடிக்க எதுவும் இல்லாதபோது என்ன செய்வான் என்று பார்க்கத்தான் பொருளில்லாத சொற்களைக் கொடுப்போம். 'தபூனி' என்று எழுதிக் காட்டினேன், "பூனை" என்றான். 'மிசொடு' என்பதை வெகுநேரம் பார்த்துவிட்டு "தெரியாது" என்றான். பத்தில் இரண்டுதான் சரி. இத்தனை நாள் அவன் எழுத்தைக் கூட்டி வாசிக்கவில்லை, ஊகித்திருக்கிறான் என்று அப்போது தெரிந்தது.

அடுத்து, எழுத்தே இல்லாமல் காதால் மட்டும். "கமலாவில் 'க'-வை எடுத்தால்?" "மலா." சட்டென்று சொன்னான். "பாலில் 'ப்' ஒலியை மட்டும் எடுத்தால்?" விடை 'ஆல்'. அவன் "ல்" என்றான். நான்கைந்து சொல் மாற்றிக் கேட்டும் அப்படியே. அசையைப் பிரிக்க வருகிறது, அசைக்குள் இருக்கும் மெய்யையும் உயிரையும் பிரிக்க வரவில்லை. ப் + ஆ = பா என்று கரும்பலகையில் ஆயிரம் முறை எழுதியிருப்பார்கள். அந்தக் கூட்டல் குறியின் இரண்டு பக்கமும் அவன் காதில் தனித்தனியாக ஒலிக்கவில்லை. பூ, மீன், குடை என்று ஐந்தே படங்கள் திரும்பத் திரும்ப வருகிற அட்டையை வேகமாகச் சொல்லச் சொன்னபோது, அவன் வகுப்புப் பிள்ளைகள் அட்டையை முடிக்கிற நேரத்தில் பாதியைத்தான் தாண்டியிருந்தான். தெரிந்த சொல் நாக்குக்கு வரத் தாமதமாகிறது.

ஒரு பத்தி வாசிக்கும்போது நடந்ததை விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். 'பாட்டி கடைக்குப் போயிருக்கிறார்' என்று அச்சில் இருந்தது. மாரி திக்கித் திணறி, "பாட்டி கடைக்குப் போயிருக்காங்க" என்று வாசித்தான். வேலைக்கு வந்த புதிதில் இதைப் பிழை என்று சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன். எத்தனையோ பிள்ளைகளின் பிழைக் கணக்கை அப்படி ஏற்றிவிட்டிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படும். எழுத்தைக் கூட்டி, பொருளைப் புரிந்து, தன் வீட்டுத் தமிழில் சொல்கிற பிள்ளை, அதுவும் பாட்டிக்கு உரிய மரியாதையோடு சொல்கிற பிள்ளை, அந்தச் சொல்லை வாசித்துவிட்டான். 'தோட்டம்' 'தேட்டம்' ஆவது வேறு, 'போயிருக்கிறார்' 'போயிருக்காங்க' ஆவது வேறு. இப்போது என் தாளில் இதற்குத் தனிக் கட்டம் வைத்திருக்கிறேன். இரண்டையும் ஒன்றாகக் கூட்டி ஓர் எண்ணைப் போட்டுக் கொடுக்கிற எந்தச் சோதனையையும் நான் நம்ப மாட்டேன்.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: பிள்ளைக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? மாரி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 2021-இல். கொரோனாவால் மூடியிருந்த தொடக்கப் பள்ளிகள் அந்த வருடம் நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. அதுவரை பாடம் அப்பாவின் கைபேசியில், அப்பா லாரியில். இதே ஒன்றியத்தில் அவன் வயதுப் பிள்ளைகள் பலருக்கும் இதே கதைதான். ஆகவே அதே வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த மற்றப் பிள்ளைகளோடுதான் அவனை ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டேன். அவர்கள் மூன்று வருடத்தில் மீண்டு வந்திருந்தார்கள். எட்டு வாரம் தினமும் இருபது நிமிடம் அவனுடைய வகுப்பாசிரியர் தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த பிறகும் மாரி கொஞ்சம்தான் நகர்ந்தான். அதற்கு அப்புறம்தான் 'வாசிப்புக் குறைபாடு இருக்கலாம், முழுப் பரிசோதனை தேவை' என்று எழுதினேன். அவசரப்பட்டு எழுதுவதில்லை. ராஜபாளையம் பக்கம் நூற்பாலைக்கு வந்த ஒடியாக் குடும்பத்துப் பெண் ஒருத்தியை, தமிழ் கேட்கத் தொடங்கி எட்டே மாதம் ஆனவளை, 'கற்றல் குறைபாடு' என்று பட்டியலில் சேர்த்து அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன்.

"டீச்சர், அப்ப மந்தம்னு எழுதிக் குடுத்துருவாங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். குரல் உள்ளே போயிருந்தது.

இல்லை என்றேன். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்பதும், அதாவது வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவற்றில் மட்டும் வருகிற தடையும், ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. மத்திய அரசின் வழிகாட்டுதல்படி எட்டு வயது ஆன பிறகுதான் சான்றிதழ். அறிவுத்திறன் குறைவு இல்லை என்று பார்த்த பிறகுதான் இந்தப் பெயரே வரும். அதாவது, இந்தச் சான்றிதழ் கிடைத்தாலே பிள்ளை மந்தம் இல்லை என்று அர்த்தம். இதை அந்த அம்மாவிடம் மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறைதான் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பின்னால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், இவற்றுக்கெல்லாம் இது உதவும் என்பதையும் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை.

உங்கள் பிள்ளைக்கும் இப்படி ஓர் அறிக்கை வந்திருந்தால், முதலில் ஒன்றைக் கேளுங்கள்: எந்த மொழியில் சோதித்தீர்கள்? தமிழ் பேசுகிற பிள்ளை என்றால், தமிழில் பேச விட்டீர்களா, தமிழில் வாசிக்க விட்டீர்களா? கேட்கத் தயங்க வேண்டாம், பணம் கட்டியது நீங்கள். பழைய அறிக்கை மாரிக்கு இரண்டு வருடப் பேச்சுப் பயிற்சியைப் பரிந்துரைத்திருந்தது. பேச்சு நன்றாக வருகிற பையனை வாரம் இரண்டு நாள் பேச வைத்துக்கொண்டிருப்பார்கள். வாசிப்புக்கு என்று ஒரு நாள்கூட அதில் இல்லை.

இப்போது வாரத்தில் ஒரு நாள் நான் அவன் பள்ளிக்குப் போகிறேன், மற்ற நாள்களில் வகுப்பாசிரியர் பார்த்துக்கொள்கிறார். துணைக்காலுக்கு மட்டும் சிவப்புப் பென்சில். பால், ஆல், கால் என்று ஒலியைப் பிரித்து, புளியங்கொட்டையை நகர்த்துகிற விளையாட்டு. உகரத்தை மூன்று குடும்பமாகப் பிரித்து மூன்று தீப்பெட்டிகளில் போட்டு வைத்திருக்கிறோம்.

போன செவ்வாய் அவனை ஆட்டைப் பற்றி ஒரு வரி எழுதச் சொன்னேன். சொல்வதென்றால் அரை மணி நேரம் சொல்வான், எழுத ஒரு வரிக்கு ஏழு நிமிடம் ஆனது. 'ஆடு குடி பேட்டது' என்று எழுதினான். எழுதிவிட்டு உதட்டை அசைத்து வாசித்தான். 'பேட்டது'வில் நின்றான். சிவப்புப் பென்சிலை எடுத்து, 'பே'-வை ஒட்டிக் கொஞ்சம் இடம் நெருக்கி, ஒரு துணைக்காலைப் போட்டான். என்னைப் பார்க்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை. 'குடி' அப்படியே இருக்கிறது. அதை வருகிற செவ்வாய்க்கு வைத்திருக்கிறேன்.