மேயருக்கு இங்கே என்ன வேலை?

மதுரையிலிருந்து வந்திருந்த மச்சான், சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நின்று கேட்டார்: "மாப்ளே, இங்க கார்ப்பரேஷன் ஆபீஸ் எங்க இருக்கு?"

அப்படி ஒன்று இல்லை என்றால் நம்ப மறுக்கிறார். "மேயர் இருக்காருல்ல?"

இருக்கிறார்கள், ஐந்து பேர். சமூக மேம்பாட்டு மன்றங்களுக்குத் தலைவர்கள். உதவித் திட்டங்களைக் கவனிப்பார்கள். சாலை எந்தப் பக்கம் போகவேண்டும், கட்டடம் எத்தனை மாடி என்பதெல்லாம் அவர்கள் கையில் இல்லை. 1957-ல் தேர்தல் நடந்து, ஓங் எங் குவான் மேயராக வந்த நகரசபை ஒன்று இருந்தது. 1959-ல் அதன் வேலைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது.

"எங்க ஊருல அரசியல் சட்டத்தோட 74-வது திருத்தம் நகரத் திட்டமிடலை உள்ளாட்சிக்குன்னு எழுதி வச்சிருக்கு. எழுதினதோட சரி" என்று சிரித்தார்.

இங்கே நகர மறுசீரமைப்பு ஆணையம், எந்த நிலம் எதற்கு என்று பெருந்திட்டம் வரைகிறது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்துகிறது. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அடுக்குமாடி வீடுகளைக் கட்டுகிறது. கட்டி முடித்தபின் லிப்ட், பெருக்குதல், பெயின்ட் எல்லாம் நகர மன்றத்துக்கு. 1988 சட்டப்படி அதை நடத்துவது நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள்தான். செலவுக்கு மாதாமாதம் நாம் கட்டும் பராமரிப்புக் கட்டணமும் அரசாங்க மானியமும். திட்டம் மேலே, துடைப்பம் கீழே.

மேலேயும் ஒரே கை இல்லை என்பதுதான் வேடிக்கை. 2014 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்ன மீன் உருண்டைக் குச்சிக் கதை ஞாபகம் இருக்கிறதா? புக்கிட் கோம்பாக் பக்கம் ஒரு நடைபாதை. ஒரு பக்கச் சரிவு சிங்கப்பூர் நில ஆணையத்துக்கு, நடுவில் பூங்கா இணைப்புப் பாதை தேசிய பூங்காக் கழகத்துக்கு, சாலையோரம் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு. குச்சி கிடந்தால் யார் பொறுக்குவது? அந்த ஆண்டே அமைப்புகளை ஒருங்கிணைக்கத் தனி அலுவலகம் வந்தது. இப்போது ஒன்சர்வீஸ் செயலியில் படம் எடுத்துப் போட்டால் போதும், யாருடைய எல்லை என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

புகாருக்கு அது சரி. விருப்பத்துக்கு? எங்கள் வட்டாரக் கூட்டத்தில் ஒரு பாட்டி, பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் பெஞ்சு கேட்டார். அந்தக் கீற்று தங்கள் எல்லையில் இல்லை என்றார்கள் நகர மன்றத்தார். புளோக்குக்குப் பின்னால் போட்டார்கள். அங்கே யாரும் நடப்பதில்லை.

எம்ஆர்டி ரயில் தடத்தை மேலிருந்தே ஒரே கையில் வரைவதில் எனக்கு மறுப்பே இல்லை. தொகுதிக்குத் தொகுதி பேரம் பேசியிருந்தால் பாதிகூட ஓடியிருக்காது. ஆனால் பெஞ்சுக்கு எதற்கு அத்தனை எல்லை? அடுத்த பெருந்திட்டக் கண்காட்சியில் கருத்துக் கேட்பார்கள். பெஞ்சு என்றுதான் எழுதப்போகிறேன், சிரித்தாலும் சரி.