மிக்ஸி வீடியோவும் ஐம்பது லட்சமும்

அந்தத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது அத்தைதான். "தீவாளிக்கு எவனாவது குக்கர் அனுப்பிருக்கானோன்னு பாத்தேன், வெறும் காயிதம்" என்று அடுப்படிக்கே கொண்டுவந்து நீட்டினார். ஒரு மிக்ஸி கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ். அவர்கள் மிக்ஸியைப் பற்றி என் யூடியூப் சேனலில் போட்ட வீடியோவை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், மான நஷ்டம் ஐம்பது லட்சமாம். பாளையங்கோட்டையில் நாங்கள் இருக்கும் வீட்டை விற்றாலும் அவ்வளவு தேறாது.

வீடியோ பன்னிரண்டு நிமிடம். காய்ந்த மஞ்சள் கிழங்கை மூன்றாவது நடை அரைக்கும்போது மோட்டாரிலிருந்து புகை வந்தது, அது கேமராவில் இருக்கிறது. கடுப்பில் நான் "இது சுத்த ஏமாத்து வேலை" என்று சொன்னதும் இருக்கிறது.

"புகைக்கு ஆதாரம் இருக்கும்மா. ஏமாத்துனாங்கங்கிறதுக்கு என்ன வச்சிருக்கீங்க?" என்றார் வக்கீல் அண்ணாச்சி. என்னிடம் ஒன்றுமில்லை. சிவில் வழக்கென்றால் வீடியோ வெளியான நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும், கேட்கிற தொகையில் மூன்று சதவீதம் கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும், ஐம்பது லட்சத்துக்கு ஒன்றரை லட்சம், கட்டிவிட்டு வருகிறார்களா பார்ப்போம் என்றார். கொஞ்சம் மூச்சு வந்தது. கிரிமினல் புகார் தனியாம்: பாரதிய நியாய சன்ஹிதா என்கிற தண்டனைச் சட்டத்தின் 356-வது பிரிவு, இரண்டு வருஷம் வரை சிறை. வந்த மூச்சு போய்விட்டது.

இதற்கெல்லாம் இன்சூரன்ஸ் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கள் ஸ்கூட்டிக்குப் பாலிசி போடும் ஏஜென்ட், "பேசுறதுக்கெல்லாம் இன்சூரன்ஸா?" என்று சிரித்தார். சென்னை புரோக்கர் ஒருவர்தான் 'மல்டிமீடியா லயபிலிட்டி' என்ற ஃபாரத்தை மெயிலில் அனுப்பினார். அவதூறு, தெரியாமல் நடந்த காப்பிரைட் மீறல், தனியுரிமை என்று யாராவது வழக்குப் போட்டால் நஷ்ட ஈடும் வக்கீல் செலவும் கொடுப்பார்கள். எனக்கு வந்த கொட்டேஷனில் உச்சத் தொகை இருபத்தைந்து லட்சம், வக்கீல் செலவும் அதற்குள் அடக்கம், முதல் ஒரு லட்சம் என் கையிலிருந்து. அபராதமும் சிறையும் நம் பாடு. வேண்டுமென்றே செய்ததற்கும் கிடையாது.

ஸ்கூட்டி பாலிசியில் விபத்து நடந்த தேதியைப் பார்ப்பார்கள். இதில் நோட்டீஸ் வந்த தேதி. 2021-ல் போட்ட வீடியோவுக்கு இன்று நோட்டீஸ் வந்தால் இன்றைய பாலிசிதான் பேசும், அதுவும் அதில் குறித்திருக்கும் 'ரெட்ரோஆக்டிவ்' தேதிக்குப் பிந்தைய வீடியோவாக இருந்தால். நடுவில் ஒரு வருஷம் கட்டாமல் விட்டால் அந்த வருஷம் வருவதற்கு ஆளில்லை. ஏற்கெனவே வந்துவிட்ட மிக்ஸி நோட்டீஸுக்கு? கேட்டேன். புரோக்கர் பாவம், சிரிக்காமல் பதில் சொன்னார்.

ஆனால் அந்த ஃபாரம் எனக்கு ஒரு வகுப்பு. வெட்டாத ஃபுட்டேஜை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? பின்னணி இசைக்கு லைசென்ஸ் உண்டா? வெளியிடும் முன் இன்னொருவர் பார்ப்பதுண்டா? ஆறு வருஷமாக என் சேனலில் மூன்றுக்குமே இல்லை என்பதுதான் பதில்.

பாலிசியில் இன்னொரு வரி: இன்சூரன்ஸ் கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் தப்பை ஒத்துக்கொள்ளவோ சமரசம் பேசவோ கூடாது. நானோ நோட்டீஸ் வந்த ராத்திரியே கமென்ட்டில் "மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க" என்று பின் பண்ணி வைத்திருந்தேன். நமக்கு அது மரியாதை, வழக்கில் அது வாக்குமூலம்.

ராத்திரி தூக்கம் வராமல் கூகுளில் மேய்ந்தபோது அமெரிக்காவின் காக்கர் என்ற கிசுகிசு இணையதளத்தின் கதை கிடைத்தது. 2016-ல் மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகன் அதன் மேல் போட்ட வழக்கில் பதினான்கு கோடி டாலர் தீர்ப்பு, அந்த நிறுவனம் திவால். இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர வேண்டியிருக்கும் ஒரு குற்றச்சாட்டை ஹோகன் தரப்பே வழக்கிலிருந்து எடுத்துவிட்டதாம். படித்தபின் சுத்தமாகத் தூக்கம் போனது.

பாலிசி எடுக்கத்தான் போகிறேன். பிரீமியம் என் யூடியூப் வருமானத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, வலிக்கத்தான் செய்கிறது. மிக்ஸி நோட்டீஸையும் ஃபாரத்தில் மறைக்காமல் எழுதிவிட்டேன், மறைத்தால் பிற்பாடு அதைச் சொல்லியே கையை விரிப்பார்கள். 'ஏமாத்து வேலை' நான்கு விநாடியை வெட்டியாயிற்று. புகை இருக்கிறது.

மிக்ஸியும் பரணில் இருக்கிறது. பழைய இரும்புக்காரர் வரும்போதெல்லாம் அத்தை அதை இறக்கச் சொல்கிறார். மாசி கழியட்டும், வீடியோ போட்டு ஒரு வருஷம் தாண்டட்டும் அத்தை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.