ஆறு சேவல்களுக்கு வீடு தேடுகிறேன்

ஆவணியில் பொரித்த 11 குஞ்சில் ஆறு சேவலாகிவிட்டன. பெருவிடை என்ற சண்டைச் சேவல் இனம் கலந்த நாட்டுக்கோழி. முட்டை உறவுக்காரர் கொடுத்தது. இரண்டு மாதத்தில் கொண்டை சிவக்கும்போதே தெரிந்துவிட்டது. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். என்னிடம் இருப்பதே ஒன்பது பெட்டைதான், திண்டுக்கல் டவுனுக்குள் சின்னக் கொல்லை.

மார்கழியில் கூவ ஆரம்பித்தன. விடிகாலை நாலு மணிக்கு ஒன்று தொடங்கினால் ஆறும் கூவும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. "தம்பி, பிள்ளை இப்பதான் கண்ணசருது" என்று அந்த அக்கா வந்து சொன்னபோது சங்கடமாகிவிட்டது. கழுத்தை நீட்டினால்தானே கூவும் என்று தாழ்வான பெட்டியில் அடைத்துப் பார்த்தேன். சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. ராத்திரியெல்லாம் குனிந்தே கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் மூன்றாம் நாளே விட்டுவிட்டேன்.

முதல் சேவலை, வளர்க்கிறேன் என்று கேட்ட ஒருவருக்குச் சும்மா கொடுத்தேன். பத்து நாள் கழித்து விசாரித்தால் குழம்பாகிவிட்டதாம். கறிக்கென்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். அன்றிலிருந்து யாருக்கும் சும்மா கொடுப்பதில்லை.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்கு இரண்டைக் கூடையில் வைத்துக் கொண்டுபோனேன். அங்கே வந்த ஒருவர் ஒன்றைக் கையில் வாங்கி எடை பார்த்தார், சிறகை விரித்தார், காலில் முள் முளைக்கும் இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "அப்பன் களத்துல நின்னதா?" என்றார். பொங்கலுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-லேயே வந்தாலும் சேவல்கட்டு, அதாவது சேவல் சண்டை, நடக்கிற ஊரில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. தோற்ற சேவலுக்குக் கோச்சை என்று பெயர், ஜெயித்தவர் தூக்கிப்போய்விடுவார். சேவலைத் திரும்ப வாங்கிக் கூடையில் வைத்து வீடு வந்து சேர்ந்தேன். தை மாதம் முடியும்வரை யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

மாசியில் வழி கிடைத்தது. நத்தம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் 25 பெட்டை வளர்க்கிறார்கள். வருஷக்கணக்காக ஒரே சேவலின் வம்சம், குஞ்சுகள் நோஞ்சானாகப் பிறக்கின்றன. அவர்களுக்கு வேற்று ரத்தம் வேண்டும். எனக்கும் வேண்டும், என் இளம் பெட்டைகள் எல்லாம் இந்தச் சேவல்களுக்கு உடன்பிறப்பு. இரண்டைக் கொடுத்து அவர்களுடைய கருஞ்சேவல் ஒன்றை வாங்கி வந்தேன். சேவல் வேண்டாம் என்று யாரிடமாவது தள்ளிவிடப் பார்ப்பதைவிட, வம்சம் மாற்ற வேண்டியவரைத் தேடுவதுதான் சரியான வழி. எட்டாவது வாரம் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தது பேசும்போது உதவியது.

தோப்புக்குப் போனதில் ஒன்று, கூட்டத்துக்குத் தலைவன் மாதிரி இருந்த செஞ்சேவல். மேலிடத்துச் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி தொடரும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-ல் எழுதியிருக்கிறார்கள். அது போன மறுநாள் காலையில், அதுவரை கடைசியில் அரைக்குரலில் கூவிக்கொண்டிருந்த சாம்பல் சேவல் முதல் ஆளாக முழுக்குரலில் கூவியதைப் படுத்தபடியே கேட்டேன்.

அந்தச் சாம்பல் சேவல் இப்போது சிறுமலை அடிவாரத்தில் ஓர் அம்மா வீட்டில் இருக்கிறது. அவர் சேவலை நாய் பிடித்துவிட்டதாம். "வச்ச முட்டை அத்தனையும் கூமுட்டை, தம்பி" என்றார். இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு பெட்டைகளோடு கூண்டில் ஏற்றிவிடச் சொன்னேன். காலையில் பெரிய சண்டை இல்லையாம். பதிலுக்கு எட்டு முட்டை தந்திருக்கிறார்.

மீதி இரண்டையும் பெட்டைகள் கண்ணில் படாத மூலையில் தனியாக அடைத்திருக்கிறேன். பெட்டை இல்லாதவரை ஒற்றுமையாகவே இருக்கின்றன. வடமதுரையிலிருந்து ஒருவர் ஒன்றுக்குக் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் கோழிகளைப் போய்ப் பார்த்த பிறகுதான் கொடுப்பேன்.