மருந்து என்ற ஒற்றைச் சொல்

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கிறது. சம்பா நடவு முடிந்து பயிர் தூர் கட்டத் தொடங்கிவிட்டால், டீக்கடையில் பேச்சு எதில் ஆரம்பித்தாலும் ‘என்ன மருந்து அடிச்சீங்க’ என்பதில்தான் வந்து நிற்கும். புழுவுக்கு அடிப்பதும் மருந்து, நோய்க்கு அடிப்பதும் மருந்து, களைக்கு அடிப்பதும் மருந்து. பயிர் வெளிறியிருந்தால் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் சத்துக் கலவைக்கும் அதே பெயர்தான். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கி விழுங்குவதை ‘மருந்து சாப்பிட்டார்’ என்கிறோம். ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றால் ‘மருந்தைக் குடித்துவிட்டார்’ என்று தாழ்ந்த குரலில் சொல்கிறோம். உயிரைக் காப்பதற்கும் எடுப்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் வயலில் இறங்குகிறோம் என்பது எனக்கு உறைத்தது, சித்தப்பாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோன நாளில்தான்.

அது 2014 கார்த்திகை மாதம். இலைச்சுருட்டுப்புழு விழுந்திருக்கிறது என்று காலையில் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கியவர், பதினொரு மணிக்கு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை, வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது, கண்பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மருத்துவர் பார்த்ததும் முதலில் கேட்டது, ‘எந்த மருந்து?’ என்றுதான். ‘புழு மருந்துங்க’ என்றேன். ‘பெயர் என்ன?’ என்று மறுபடி கேட்டார். எனக்குத் தெரியவில்லை, உடன் வந்த யாருக்கும் தெரியவில்லை. கடையில் கொடுத்த துண்டுச் சீட்டிலும் ‘புழு மருந்து – 1’ என்றுதான் எழுதியிருந்தது. மருத்துவர் அறிகுறிகளை வைத்தே ஊகித்து அட்ரோபின் ஊசியைத் தொடங்கிவிட்டார். அதனால்தான் சித்தப்பா இன்று நம்மோடு இருக்கிறார். ஆனாலும் அந்தப் பாட்டிலைத் தேடி வாய்க்கால் கரை முழுக்க அலைந்து, சேற்றில் புதைந்து பாதி லேபிள் ஊறிப்போயிருந்த அதை நான் எடுத்துக்கொண்டு போனபோது மாலையாகிவிட்டது. குளோர்பைரிபாஸ் 20 இ.சி. என்று படிக்க முடிந்தது. அதற்கு மேலே ஒரு மஞ்சள் முக்கோணம்.

அந்த முக்கோணத்திலிருந்தே தொடங்குகிறேன். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் விதிகளும், விற்பனைக்கு வரும் ஒவ்வொரு பாட்டிலிலும் பொட்டலத்திலும் ஒரு சதுரத்தைச் சாய்த்து அச்சிட வேண்டும் என்கின்றன. அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தில் இருக்கும் நிறம்தான் நஞ்சின் கடுமையைச் சொல்கிறது. சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் மிதமானது, பச்சை குறைந்தது. இந்தப் பிரிவு எல்.டி. 50 என்ற அளவை வைத்து வகுக்கப்பட்டது. சோதனைக்கு எடுத்துக்கொண்ட விலங்குகளில் பாதியைக் கொல்லத் தேவைப்படும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பதுதான் அது. வாய்வழியே 50 மில்லிகிராம் வரை இருந்தால் சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. எண் சிறியதாக ஆக ஆக நஞ்சு கடுமையாகிறது என்பதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பச்சை என்றால் பயமில்லை என்று கையுறை இல்லாமல் கலக்குகிறவர்களும் உண்டு. இந்த நிறம் பாலூட்டிகளுக்கு உடனடியாக ஏற்படும் கேட்டை மட்டுமே காட்டுகிறது. தேனீக்கும் மீனுக்கும் என்ன ஆகும் என்பதையோ, பல ஆண்டுகள் தெளித்தவரின் உடம்பு என்ன ஆகும் என்பதையோ அது சொல்லாது.

அடுத்து, பெயர். பெரிய எழுத்தில் வண்ணத்தோடு இருப்பது வணிகப் பெயர். அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் பொதுப்பெயரே நமக்கு வேண்டியது. ‘போன தடவை அடிச்சது கேட்கலை, வேற குடுங்க’ என்று கேட்டு, வேறு வணிகப் பெயரில் அதே பொருளை வாங்கி வந்தவர்களை நான் ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். பொதுப்பெயருக்குப் பின்னால் வரும் எண், நூற்றுக்கு எத்தனை பங்கு வீரியப் பொருள் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. எண்ணையடுத்து நிற்கும் எழுத்துகள், அந்த வீரியப் பொருள் எந்த வடிவில் தயாரிக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்கின்றன. இ.சி. என்றால் நீரில் கலந்தால் பால்மமாக மாறும் எண்ணெய்க் கரைசல். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து அதில் ஒரு சொட்டு விட்டால், விழுந்த இடத்திலிருந்து வெண்புகைபோல் விரிந்து தம்ளர் முழுவதும் பாலாக மாறிவிடும். எஸ்.எல். அப்படி வெளுக்காது, நீரோடு நீராகக் கரைந்து தெளிவாகவே நிற்கும். எஸ்.சி. என்பது மிக நுண்ணிய துகள்கள் திரவத்தில் மிதந்து நிற்கும் குழம்பு. அலமாரியில் கிடந்தால் அடியில் படியும் என்பதால், குலுக்காமல் ஊற்றினால் முதல் டேங்க் வீரியமில்லாமலும் கடைசி டேங்க் பயிரைக் கருக்கும் அளவுக்கும் போகும். டபிள்யூ.பி. நனையும் தூள். அதை நேரடியாக டேங்கில் கொட்டினால் கட்டிகட்டியாக மிதந்து நாசிலை அடைக்கும். முதலில் சிறிது நீரில் கூழாகக் கரைத்துக்கொண்டு பிறகு ஊற்ற வேண்டும். இ.சி.யில் இருக்கும் கரைப்பான் எண்ணெய்த் தன்மை கொண்டது, தோலின் வழியே நஞ்சு உள்ளே இறங்க அது வழி செய்யும். சித்தப்பாவின் தெளிப்பானில் மூடி கசிந்து முதுகுச் சட்டை நனைந்திருந்தது. அதை அவர் தண்ணீர்தானே என்று விட்டுவிட்டார்.

அளவு விஷயத்தில்தான் எங்கள் பக்கத்தில் அதிகத் தவறு நடக்கிறது. லேபிளில் எக்டேருக்கு இவ்வளவு என்று இருக்கும். எங்கள் கணக்கோ மா, வேலி. எக்டேர் என்பதை ஏக்கர் என்று படித்துவிட்டால், தெளிப்பது இரண்டரை மடங்காகிவிடும். நெல்லில் தண்டுத்துளைப்பானுக்கும் இலைச்சுருட்டுப்புழுவுக்கும் குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்.சி. எக்டேருக்கு 150 மில்லி என்று வைத்துக்கொள்வோம். அது ஏக்கருக்கு 60 மில்லி, மூன்று மா ஒரு ஏக்கர் என்பதால் மாவுக்கு 20 மில்லி. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்று எடுத்தால், 16 லிட்டர் டேங்கில் பன்னிரண்டரை டேங்க் வரும். ஒரு டேங்கிற்கு ஐந்து மில்லிக்குச் சற்றுக் குறைவு. இதைப் பாட்டில் மூடியால் அளக்க முடியாது, அளவுக் குப்பியால்தான் அளக்க வேண்டும். உங்கள் நடை வேகத்துக்கும் உங்கள் நாசிலுக்கும் ஏக்கருக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. வெறும் தண்ணீரை டேங்கில் ஊற்றி, ஒரு சென்ட் நிலத்தில் வழக்கமாக அடிப்பதுபோல் அடித்துவிட்டு, குறைந்த தண்ணீரை அளந்து நூறால் பெருக்க வேண்டும். நான் செய்து பார்த்தபோது என்னுடையது ஏக்கருக்கு 130 லிட்டராகத்தான் வந்தது. அதாவது இத்தனை ஆண்டுகள் 200 லிட்டர் கணக்கில் டேங்குக்கு அளந்து ஊற்றிவிட்டு, ஏக்கருக்குப் போக வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தே தெளித்திருக்கிறேன்.

நஞ்சு பூச்சியைச் சேரும் விதத்துக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. பூச்சியின் உடம்பில் பட்டால் கொல்வது தொடு நஞ்சு. இலையோடு சேர்த்துத் தின்றால் கொல்வது குடல் நஞ்சு. பயிருக்குள் புகுந்து சாற்றோடு ஓடி, சாற்றை உறிஞ்சும் பூச்சியைக் கொல்வது ஊடுருவிப் பாயும் வகை. தண்டுக்குள் புகுந்துவிட்ட துளைப்பானின் மேல் தொடு நஞ்சு படவே படாது. முட்டையிலிருந்து வெளிவந்த புழு தண்டைத் துளைப்பதற்கு முந்திய சில நாள்களே அதற்குரிய காலம். இதேபோல பூசணக்கொல்லி என்பது பூசணத்துக்குத்தான். குலை நோய் பூசணத்தால் வருவது. பாக்டீரியா இலைக்கருகல் பெயரிலேயே சொல்வதுபோல் பாக்டீரியாவால் வருவது. இரண்டையும் ‘கருகல்’ என்று ஒரே வாயில் சொல்லி, பின்னதற்கு மேன்கோசெப் என்ற பூசணக்கொல்லியைத் தெளித்துப் பணத்தை வாய்க்காலில் விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இந்தத் துறையின் எல்லாச் சொற்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது பொருளாதாரச் சேத நிலை. நான்கு பூச்சியியல் அறிஞர்கள் 1959இல் கலிபோர்னியாவிலிருந்து வெளியிட்ட ஒரு கட்டுரை இந்தக் கருத்துக்கு உருவம் கொடுத்தது. பூச்சி இருக்கிறதா என்பதல்ல, அது செய்யப்போகும் இழப்பு மருந்துச் செலவைத் தாண்டுமா என்பதே கேள்வி. அந்த இழப்பு நேரும் முன்பே தடுக்க எந்த எண்ணிக்கையில் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று வகுத்துக்கொண்டார்கள். நெல்லில் தண்டுத்துளைப்பானுக்கு, தூர் கட்டும் பருவத்தில் நூற்றுக்குப் பத்துக் குருத்துகள் காய்ந்திருந்தால் அந்த நிலை. கதிர் வந்த பிறகு நூற்றுக்கு இரண்டு வெண்கதிர். சாற்றை உறிஞ்சும் பூச்சியான புகையானுக்குச் சொல்லப்பட்ட கணக்கு இன்னும் அழகானது. சிலந்திகள் இல்லாத வயலில் தூருக்கு, அதாவது கிளைத்த ஒரு தண்டுக்கு, ஒரு பூச்சி இருந்தாலே தெளிக்கலாம். பல தூர்கள் சேர்ந்த ஒரு குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுத்திருக்கலாம். வயலில் இருக்கும் சிலந்தியை ஒரு வேலையாளாகக் கணக்கில் சேர்த்துக்கொண்ட எண் இது. குனிந்து குத்தை விலக்கி, நீர்மட்டத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சிகளை எண்ணிப் பார்க்காமல் இதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. சித்தப்பா அன்று காலையில் எண்ணிப் பார்க்கவில்லை. பக்கத்து வயலில் அடிக்கிறார்கள் என்பதால் அடித்தார்.

எண்ணாமல் அடிப்பதன் விளைவுக்கும் பெயர் இருக்கிறது. செயற்கைப் பைரித்ராய்டுகள் என்ற வகைப் பூச்சிக்கொல்லிகளைத் தெளித்த வயலில் புகையான் முன்னைவிட அதிகமாகப் பெருகுவதை மறுபெருக்கம் என்பார்கள். அந்த நஞ்சில் சிலந்தியும் மற்ற இரைவிழுங்கிகளும் சாகின்றன, எஞ்சிய புகையானுக்கு எதிரியே இல்லாமல் போகிறது. ஒரே வகை நஞ்சைத் திரும்பத் திரும்பத் தெளிப்பதால், அதைத் தாங்கும் பூச்சிகள் மட்டும் பிழைத்து இனம் பெருக்குவது எதிர்ப்புத் திறன். இதைத் தவிர்க்க நஞ்சுகளை அவை செயல்படும் விதத்தின்படி எண்ணிட்டுப் பிரித்திருக்கிறார்கள். குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட்டுகள் 1பி, பைரித்ராய்டுகள் 3ஏ, இமிடாகுளோபிரிட் முதலியவை 4ஏ, குளோரான்ட்ரானிலிப்ரோல் 28. மாற்றி அடிக்க வேண்டுமென்றால் இந்த எண்ணை மாற்ற வேண்டும், பாட்டிலின் நிறத்தை அல்ல.

தெளிக்கும்போது காற்றில் துளிகள் விலகிப் போவதைக் குறித்து நீட்ட வேண்டியதில்லை. காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும் என்பதும், களைக்கொல்லிக்கு விசிறிபோல் விழும் நாசில் வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்தவை. தெரிந்தும் செய்யாமல் விடுகிறோம். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், ஆளுயரத்துக்கு வளர்ந்த பருத்திக்குள் நின்று தெளித்தவர்களில் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பலர் கூலிக்குத் தெளித்தவர்கள். எதைத் தெளிக்கிறோம் என்பது அவர்களுக்கும் ‘மருந்து’ என்ற அளவில்தான் தெரிந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

காலிப் பாட்டிலுக்கு விதிக்கப்பட்டது மும்முறை அலசல். மூன்று முறை நீர் விட்டுக் குலுக்கி, அந்த நீரையும் டேங்கிலேயே ஊற்றிவிட்டு, பாட்டிலை மறுபடி யாரும் பயன்படுத்த முடியாதபடி குத்திச் சிதைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு டப்பாவில் மண்ணெண்ணெய் வைத்திருந்தோம். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில், மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்த எண்ணெயில் சமைத்த பள்ளி மதிய உணவைச் சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தார்கள். நஞ்சு இருந்த கொள்கலத்தில் எண்ணெய் வைக்கப்பட்டிருந்தது. அதைப் படித்த அன்றே அந்த டப்பா வீட்டைவிட்டுப் போயிற்று.

கடைசியாக ஒரு சொல், காத்திருப்புக் காலம். கடைசியாகத் தெளித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாள்கள் இவை. உண்பவர் தட்டில் எஞ்சும் நஞ்சு, அனுமதிக்கப்பட்ட எச்ச வரம்புக்குள் இறங்குவதற்காக வகுக்கப்பட்டது. இது மருந்துக்கு மருந்து மட்டுமல்ல, பயிருக்குப் பயிரும் மாறும். மேலே சொன்ன அதே குளோரான்ட்ரானிலிப்ரோலுக்கு முட்டைக்கோசிலும் தக்காளியிலும் 3 நாள், கத்தரியில் 22 நாள், நெல்லில் 47 நாள், கரும்பில் 208 நாள். காலையில் அடித்துவிட்டு மறுநாள் காலை கத்தரிக்காயைப் பறித்துச் சந்தைக்குக் கொண்டுபோவதை நான் பார்த்திருக்கிறேன். பறித்தவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அப்படி ஒரு சொல் இருப்பதே அவருக்குத் தெரியாது.

சித்தப்பா இப்போதும் வயலுக்குப் போகிறார். தெளிப்பதில்லை, எண்ணுகிறார். எங்கள் மோட்டார் கொட்டகையின் உட்சுவரில் அவர் கரித்துண்டால் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்: வயலின் பெயர், எண்ணிய பூச்சி, தெளித்திருந்தால் அதன் பொதுப்பெயர், முக்கோணத்தின் நிறம், தேதி, எந்தத் தேதிக்கு மேல் அறுக்கலாம். இந்த ஆண்டுச் சம்பாவில் மேலக்கொல்லைக்கு நேரே, பொதுப்பெயர் எழுத வேண்டிய கட்டத்தில், ‘சிலந்தி இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறார்.