முதல் பெயர் தெரியாது

ஜூலை 9, 2025, புதன்

இன்றோடு 90 நாள் முடிகிறது. அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்கத் தரும் கிரீன் கார்டு வரவில்லை.

மாப்பிள்ளை ஏப்ரல் 10-ஆம் தேதி 235 டாலர் கட்டினார். விமானம் ஏறும் முன்பே கட்ட வேண்டிய பணம் அது. மும்பையில் விசா கொடுத்தபோதே அதற்கான தாளும் இருந்தது. நான்தான் மற்ற காகிதங்களோடு பைக்குள் வைத்துவிட்டு அப்படியே மறந்துபோனேன். மார்ச் 20-இல் டெக்சாஸில் மகள் வீட்டில் போய் இறங்கி, மூன்று வாரம் கழித்து, பேரன் பையைக் கவிழ்த்துக் கொட்டியபோதுதான் அந்தத் தாள் கண்ணில் பட்டது. பணம் கட்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் கார்டு வீட்டுக்கு வரும் என்பது அமெரிக்கக் குடியேற்ற அலுவலகம் சொன்ன கணக்கு.

கார்டை அமெரிக்க விலாசத்துக்கு மட்டும்தான் அனுப்புவார்கள். அது வரும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருக்க முடியுமா? மஞ்சள் நட வேண்டிய பருவம். மே 24-ஆம் தேதி கிளம்பி வந்துவிட்டேன். நட்டாயிற்று, முதல் களையும் எடுத்தாயிற்று.

தினம் பொழுதோட அக்கா கேட்கிறாள்: "அந்தப் பச்சை அட்டை வந்துதாடா?" முப்பத்தாறு வருசம் தபால் இலாகாவில் வேலை பார்த்து, கோபி பக்கம் ஒரு சப் போஸ்ட் மாஸ்டராக ஓய்வு பெற்றவன் நான். ஊரே வாசலில் நின்று என்னிடம் கேட்ட கேள்வியை இப்போது என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அக்கா என்னிடம் கேட்கிறாள்.

ஜூலை 14, திங்கள்

பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனார். "ஏனுங்க, கார்டு இல்லாம ஏரோப்பிளேன்ல ஏத்த மாட்டாங்களாமா?" அவருடைய ஒறம்பரை ஒருத்தரைச் சென்னையில் நிறுத்திவிட்டார்களாம். எந்த ஒறம்பரை, எந்த வருசம் என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை.

பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். விசாத் தாளின் அடியிலேயே பொடி எழுத்தில் இருக்கிறது: உள்ளே நுழையும்போது முத்திரை வைத்தபின், இந்தத் தாளே ஒரு வருசத்துக்கு நிரந்தரக் குடியிருப்புக்குத் தற்காலிகச் சான்று. முத்திரை மார்ச் 20. அப்படியென்றால் அடுத்த மார்ச் வரை பயமில்லை. ஆனால் ஆறு மாசத்துக்கு மேல் வெளியே தங்கிவிட்டுப் போனால் வாசலில் கேள்வி அதிகமாகும் என்று மகள் சொல்கிறாள். மே 24-இலிருந்து 180 நாள் எண்ணினால் நவம்பர் 20. காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன்.

எப்படியும் அதற்கு முன்னாலேயே போக வேண்டும். மகளுக்கு இரண்டாவது பிரசவம் அக்டோபர் கடைசியில். அவள் அம்மா இருந்திருந்தால் என்னை யாரும் கூப்பிடப்போவதில்லை. "நீங்க வந்து கூட இருந்தாப் போதுமுங்கப்பா" என்றாள். டிக்கெட் அக்டோபர் 12-க்குப் போட்டாயிற்று.

ஜூலை 22, செவ்வாய்

விசயம் தெரிந்துவிட்டது. இரவு எட்டு மணிக்கு மகள் கூப்பிட்டாள். அங்கே காலை ஒன்பதரை. "அப்பா, கார்டு அனுப்பி, அது திரும்பிப் போயிருச்சுங்க."

கம்ப்யூட்டரில் வரிசையாக இருந்திருக்கிறது: ஒப்புதல் ஆயிற்று, அட்டை தயாராகிறது, அட்டை தபாலில் சேர்ந்தது, அட்டை திரும்பி வந்தது. நாங்கள் முதல் வரியைப் பார்த்துச் சந்தோசப்பட்டு, கடைசி வரியைப் பார்க்காமல் ஒரு மாசம் ஓட்டியிருக்கிறோம்.

அந்தக் குடியேற்ற அலுவலகத்துக்குப் போன் போட்டால் ஒரு இயந்திரக் குரல் பேசுகிறது. ஆளைப் பிடிக்கவே நாற்பது நிமிசம். ஆள் கிடைத்தாலும் விண்ணப்பதாரரோடுதான் பேசுவார்களாம், மகளோடு பேச மாட்டார்களாம். அது சரியான முறைதான். நான் வேலையில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதனால் ஒரு போனில் அவர்களும் இன்னொரு போனில் நானுமாக, நடுவில் மகள் நின்றுகொண்டாள். ஏ-யில் தொடங்கும் ஒன்பது இலக்க எண்ணைச் சொன்னேன். பிறந்த தேதியைச் சொன்னேன். அது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய தேதி. ஆத்தாவைக் கேட்டால் அந்த வருசம் காவேரியில் வெள்ளம் வந்ததென்று மட்டும்தான் சொல்லும்.

அப்புறம் முதல் பெயர் என்ன என்று கேட்டார் அந்தப் பெண். என் பெயரைச் சொன்னேன். அது கடைசிப் பெயர், முதல் பெயர் என்ன என்று மறுபடி கேட்டார். எனக்கு இருப்பது ஒரே பெயர்தானே! எங்கள் குலசாமியின் பெயர், தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். திரும்பவும் அதையே சொன்னேன். மகள் மெதுவாக, "எஃப்.என்.யூ-ன்னு சொல்லுங்கப்பா" என்றாள். சொன்னேன். உடனே சரி என்றார்கள்.

விசாவில் அந்த மூன்று எழுத்தையும் பார்த்திருக்கிறேன். ஏதோ ஆபீஸ் குறியீடு என்று விட்டுவிட்டேன். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி, முழுப் பெயரும் கீழ்க்கட்டத்தில் இருக்கிறது. எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு அப்படித்தான். அமெரிக்கக்காரர்கள் இருக்கிற ஒரு பெயரைத் தூக்கிக் குடும்பப் பெயராக வைத்துவிட்டு, முதல் பெயர்க் கட்டத்தில் 'முதல் பெயர் தெரியாது' என்பதன் மூன்று முதலெழுத்தைப் போட்டுவிடுகிறார்கள்.

உறையின் மேலும் அதே பெயர்தான் போயிருக்கிறது. மகள் இருப்பது பெரிய அடுக்குமாடி. எல்லா வீட்டுக்கும் ஒரே இடத்தில் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி வரிசை. எந்தப் பெட்டியில் யார் யார் என்று தபால்காரர் பார்ப்பதற்கு உள்ளே ஒரு சீட்டு ஒட்டியிருக்குமாம். அதில் மாப்பிள்ளை பெயரும் மகள் பெயரும் மட்டும்தான். கல்யாணத்துக்கு முன்னால் இருபத்தாறு வருசம் என் பெயர் அவளுக்கு இனிஷியலாக இருந்தது. அங்கே போனபிறகு மாப்பிள்ளை பெயரை வைத்துக்கொண்டாள். அதில் வருத்தமில்லை, அங்கே அதுதான் வசதி. ஆனால் அந்த வாசலில் நின்று பார்க்கிற தபால்காரருக்கு, அந்த வீட்டுக்கும் என் பெயருக்கும் என்ன சம்பந்தம் என்று எப்படித் தெரியும்?

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. விலாசத்தில் இல்லாத ஆளுக்கு முக்கியமான தபாலைப் போடக்கூடாது. என்னிடம் வேலை பார்த்த தபால்காரராக இருந்தால் டீக்கடையில் கேட்டிருப்பார், ரேசன் கடையில் கேட்டிருப்பார், "அந்த டெக்சாஸ்காரப் பொண்ணோட அப்பன்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த ஊர்த் தபால்காரருக்குக் கேட்க டீக்கடை இல்லை.

அங்கே ஆளுக்கொரு அரசு எண் போட்டுக் கொடுக்கும் சோசியல் செக்யூரிட்டி அட்டை ஏன் இன்னும் வரவில்லை என்று ஏப்ரலிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தோம். அதற்கும் இன்றைக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஜூலை 23, புதன்

மாப்பிள்ளை பெட்டிக்குள் சீட்டு ஒட்டிவிட்டார். படம் அனுப்பினார். அவர் பெயர், மகள் பெயர், கீழே எஃப்.என்.யூ. என்று போட்டு என் பெயர். கூடவே, "மாமா, இது நான் மார்ச்லயே செஞ்சிருக்கணுமுங்க, மன்னிச்சுக்குங்க" என்று ஒரு செய்தி. தாளை மறந்தவன் நான், சீட்டை மறந்தவர் அவர். சரிக்குச் சரி.

கார்டு கைக்கு வரவில்லை என்று கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்தாயிற்று. திரும்பி வந்த கார்டை 60 வேலை நாள் வைத்திருப்பார்கள், அதற்குள் யாரும் கேட்காவிட்டால் அழித்துவிடுவார்கள். அது திரும்பிப் போயே ஒரு மாசம் ஆகிவிட்டதால் நமக்குச் செப்டம்பர் பாதிவரைதான் நேரம் இருக்கிறது. நம்மிடம் ஆள் இல்லாத தபாலை ஏழு நாள் வைத்திருந்து அனுப்பியவருக்கே திருப்புவோம். அனுப்பியவரும் தெரியாவிட்டால் ஆர்.எல்.ஓ. என்கிற, திரும்பிய கடிதங்களுக்கான ஆபீசுக்குப் போகும். அங்கே பிரித்துப் பார்த்து, உள்ளே ஏதாவது விலாசம் கிடைக்கிறதா என்று தேடுவார்கள். முன்பு அதற்கு டெட் லெட்டர் ஆபீஸ் என்று பெயர்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடி நோம்பி. அக்காவைக் கூட்டிக்கொண்டு பவானி கூடுதுறை போய்வந்தேன். ஆற்றில் தண்ணீர் இருக்கிறது, கரையில் கூட்டம் இருக்கிறது. வேப்ப மரத்தில் தூரி கட்டி, வீடியோவில் பேரனுக்குக் காட்டினேன். "அப்புச்சி, யாரு ஆடுறாங்க?" என்றான். யாரும் ஆடவில்லை. அக்காவை உட்காரச் சொன்னேன், அடிக்க வந்தாள்.

ஆகஸ்ட் 16, சனி

பதில் வந்துவிட்டது. கார்டை மறுபடி அனுப்புவார்கள். ஆனால் திரும்பி வந்த கார்டு என்பதால் இந்த முறை கையெழுத்து வாங்கித்தான் தருவார்களாம். யாருடைய கையெழுத்து? கார்டுக்கு உரியவருடையது. அடையாளமும் காட்ட வேண்டும். உரியவர் இங்கே மஞ்சளுக்கு மண் அணைத்துக்கொண்டிருக்கிறார்.

மகளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கோ இது பழகிய சோலி. பதிவுத் தபால் வாங்க ஆள் வெளியூர் போயிருந்தால் அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எத்தனை மாமியார் பெயருக்கு வந்ததை எத்தனை மருமகள்களிடம் அப்படிக் கொடுத்திருக்கிறோம்! "கண்ணு, அங்கேயும் அதுக்கு ஒரு ஃபாரம் இருக்கும், போய்க் கேட்டுப் பாரு" என்றேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இருக்கிறது. 3801 எண் படிவம். என் பெயரில் வருவதை மகள் வாங்கிக்கொள்ளலாம் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். மையில் போட்ட கையெழுத்தே வேண்டும் என்று அவள் பக்கத்துத் தபால் நிலையத்தில் சொல்லியிருக்கிறார்கள். மே மாசம் கிளம்பும்போதே ஒன்று எழுதிக் கொடுத்து வைத்திருந்தால் என்ன?

மகள் அனுப்பியதைக் கோபியில் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன். கையெழுத்துப் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும் என்று நாலு தாள் வீணாக்கினேன். பிறகு தோட்ட வேலை பிடித்துக்கொண்டது. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போகிறேன்.

செப்டம்பர் 1, திங்கள்

தள்ளியது தப்பாகிவிட்டது. இன்று உறையை எடுத்துக்கொண்டு நான் வேலை பார்த்த அதே ஆபீசுக்குப் போனேன். கவுன்டரில் இருந்த தம்பி எழுந்து நின்று, "ஐயா, அமெரிக்காவுக்கு எதுவும் வாங்கக்கூடாதுன்னு உத்தரவுங்க, கடுதாசிகூட" என்றார். அந்த நாட்டுச் சுங்க விதி மாறியதால் ஆகஸ்ட் 25-இலிருந்து பொருள்களை நிறுத்தியிருந்தார்கள். இப்போது கடிதம், ஆவணம் எல்லாமே. அவர் என்ன செய்வார்?

போன காரியம் நடக்காததைவிட இன்னொன்று மனசைப் பிடித்துக்கொண்டது. இன்றிலிருந்து பதிவுத் தபால் என்று தனியாக ஒன்று கிடையாது. விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். கோர்ட்டு நோட்டீஸ், வேலை உத்தரவு, ஜப்தி, நகை ஏலக் கடிதம் எல்லாம் அந்த நீலக் கோடு போட்ட உறையில்தான் வரும். தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு "ரிஜிஸ்டர்" என்றால் போதும், வீட்டில் ஒரு நிமிசம் வெசனம் பிடித்துக்கொள்ளும். அந்தச் சொல்லுக்கு இனி வேலையில்லை. தம்பி டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

தனியார் கூரியரில் அனுப்பலாமே என்று கோயமுத்தூர் போனேன். புளியம்பட்டி வழிப் பேருந்து, சந்தை நாள், வழியெல்லாம் வண்டியும் மாடும். கூரியர்க் கடையில் ஒற்றைத் தாளுக்குக் கேட்ட காசில் இங்கே ஒரு நாள் களையெடுப்பு முடிந்துவிடும். கொடுத்தேன். முப்பத்தாறு வருசத்தில் ஒரு முறைகூடத் தனியார் கூரியர் படி ஏறியதில்லை என்பதைக் கடைப் பையனிடம் சொன்னேன். "அப்படீங்களா" என்று சொல்லிவிட்டுப் பின்கோடு கேட்டான். நம் பின்கோடு 1972-இல் வந்தது, அவர்கள் ஜிப் கோடு 1963-இலேயே வந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

தாள் போய்ச் சேர்ந்தது. ஐந்தே நாள். ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

செப்டம்பர் 18, வியாழன்

அட்டை தபாலில் சேர்ந்தது என்று காட்டுகிறது. இந்த முறை கடைசி வரியை முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அக்கா பிரசவ லேகியம் கிளற ஆரம்பித்துவிட்டாள், வீடெல்லாம் சுக்கு வாசம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

நேற்று பெட்டியில் துண்டுச் சீட்டு கிடந்திருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளும்படி. வயிற்றைத் தூக்கிக்கொண்டு மகளே போனாள். படிவத்தை எடுத்துப் பார்த்தார்கள், அவள் அடையாள அட்டையைப் பார்த்தார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு உறையைக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து வீடியோவில்தான் பிரித்தாள். படம் நன்றாகத்தான் இருக்கிறது. மும்பை வெயிலில் எடுத்ததுபோல இல்லை.

பேரன் பக்கத்தில் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தான். "அப்புச்சி, எஃப்.என்.யூ. யாரு?"

"நான்தான் சாமி."

"அது உங்க பேரா?"

"அங்க வந்தா அதுதான்" என்றேன். அவன் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துச் சிரித்தான்.

கார்டை இங்கே அனுப்பட்டுமா என்று மகள் கேட்டாள். வேண்டவே வேண்டாம், பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறது, அதை வைத்தே வந்துவிடுவேன், வழியில் தொலைந்தால் மறுபடி முதலிலிருந்து என்று சொல்லிவிட்டேன். பெட்டிக்குள் ஒட்டிய சீட்டை மாப்பிள்ளை எடுத்துவிடப் போகிறாராம், அதை எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். சோசியல் செக்யூரிட்டி அட்டைக்கு இனிமேல்தான் எழுத வேண்டும்.