கல்தூள் பறக்கும் ஊரில் ஒரு பழைய கணினி

எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் இருப்பது இன்டெல் ஐ5-3470. 2012இல் வந்த சிப். நான்கு கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ். எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். "இதற்கு மேல் இதில் காசு போடாதே, புதியது வாங்கிவிடு" என்றுதான் பலரும் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள நடுகற்களையும் மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகளையும் (கற்பலகைகளால் ஆன பழங்கால ஈமச்சின்னங்கள்) எல்லாப் பக்கமிருந்தும் படமெடுத்து, அவற்றைச் சேர்த்து முப்பரிமாண மாதிரி உருவாக்குவது என் விடுமுறை நாள் வேலை. அதற்கு இந்தச் சிப் போதும். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் கணினியைப் போட்டால் கைக்கு வர இரண்டு நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது. மாதிரி உருவாகத் தொடங்கிய கால் மணி நேரத்தில் ஃபேன் அலறும், வேகம் படுத்துவிடும்.

எதை மாற்றுவது என்று முடிவெடுக்கும் முன் அளந்து பார்த்தேன். சித்திரை மாத வெயில். அறைக்குள் 33 டிகிரி. சிப் சும்மா இருக்கும்போதே 58 டிகிரி காட்டியது. நான்கு கோருக்கும் வேலை கொடுத்ததும் நூறைத் தாண்டிவிட்டது. அந்த அளவுக்குச் சூடேறினால் சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆக, வேகம் சரிந்ததற்குக் காரணம் வயதல்ல, சூடு. அடுத்து, ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கை. 197ஆம் எண்ணுக்கு நேராக 8 என்று இருந்தது. படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் எண்ணிக்கை அது. அந்த இடத்தில் பூஜ்யம் தவிர வேறு எந்த எண் வந்தாலும் அந்த டிஸ்க்கை நம்பி எதையும் வைக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அன்றிரவே படங்களை எல்லாம் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்தேன்.

பிறகு பக்கத் தகட்டைக் கழற்றினேன். எங்கள் பகுதியில் கிரானைட் பாலீஷ் பட்டறைகள் அதிகம். கல்லைத் தண்ணீர் விட்டுத்தான் அறுக்கிறார்கள். ஆனாலும் வெளியே வரும் சேறு காய்ந்தபின், பாளம் ஏற்றிய லாரி ஒன்று போனால் போதும், பொடியாகக் கிளம்பிவிடும். சிப்பின் மேலுள்ள ஃபேன் வெளிப் பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது, நன்றாகவும் சுற்றியது. அதன் பிடிப்பை நெம்பி எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஃபேனுக்கும், சிப்பின் சூட்டை வாங்கி வெளியே விடும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே, அலுமினிய இதழ்களின் மேல், சாம்பல் நிறக் கம்பளி போல ஒரு படலம். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வட்டமாக, ஒரே துண்டாக உரிந்து வந்தது. விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தேன், நறநறவென்றது. இழையும் முடியும் வலையாகப் பின்னிக்கொள்ள, அந்த வலையைக் கல்தூள் அடைத்திருக்கிறது. ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று கீழே இறங்க வழியே இல்லை. ஃபேனைக் கழற்றாமல் மேலாகத் துடைக்கிறவர்களின் கண்ணில் இது படவே படாது.

பட்டறையில் வேலை பார்க்கும் அக்காவின் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, பட்டறைக்கு எடுத்து வா. கம்ப்ரசரில் அடித்தால் ஒரு நிமிட வேலை" என்றார். "வேண்டாம் மாமா" என்றேன். கம்ப்ரசர் தொட்டியில் தண்ணீர் தேங்கியிருக்கும். காற்றோடு அந்த ஈரமும் சர்க்யூட் மேல் படும். அழுத்தமும் தேவைக்கு மிக அதிகம். வீட்டு ப்ளோயரும் ஒன்றரை அங்குலப் பெயின்ட் பிரஷும் போதுமானவை. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தாறுமாறான வேகத்தில் சுழலவிட்டால் பேரிங் கெடும். பவர் சப்ளையை மட்டும் திறக்கவே கூடாது. மின் இணைப்பை எடுத்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து ஊதிவிட்டால் போதும்.

சிப்பின் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் பழைய பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு, நடுவில் சிறு பொட்டு அளவு புதிய பேஸ்ட் வைத்து, பழைய கூலரையே (ஹீட் சிங்க்கும் ஃபேனும் சேர்ந்தது) மீண்டும் மாட்டினேன். முழு வேலையில் 79 டிகிரி. செலவு பேஸ்ட்டுக்கு மட்டும்தான். இருபது டிகிரிக்கு மேல் இறங்கிவிட்டது. இதோடு நிறுத்தியிருந்தாலும் கணினி நன்றாகவே ஓடியிருக்கும். ஆனால் கூலரின் நான்கு பிளாஸ்டிக் முளைகளில் ஒன்று வயதாகி வெடிப்பு விட்டிருந்தது. அது உடைந்துவிட்டால் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும். தவிர, இந்தத் தலைமுறைச் சிப்பில் சிலிக்கனுக்கும் உலோக மூடிக்கும் நடுவே முந்தைய தலைமுறையில் இருந்த பற்றாசு கிடையாது, அங்கேயும் பேஸ்ட்தான். சூடு வெளியே வருவதற்கு ஏற்கெனவே ஒரு தடை. அதனால் வெளியே இருக்கும் கூலராவது நல்லதாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

சிப் உட்காரும் சாக்கெட் பழையது, அதற்கு இப்போது கூலர் கிடைக்குமா என்று கவலைப்பட வேண்டியதில்லை. என் சிப்பின் 1155 சாக்கெட்டில் கூலர் துளைகளுக்கு இடைவெளி 75 மி.மீ. பின்னால் வந்த 1150, 1151, 1200 சாக்கெட்டுகளுக்கும் அதே அளவுதான். 1700இல்தான் அது 78 மி.மீ. ஆக மாறியது. அட்டைப் பெட்டியில் 115எக்ஸ் என்று போட்டிருந்தால் தைரியமாக வாங்கலாம். வாங்கும் முன் அளக்க வேண்டியது கேபினட்டின் ஆழம்: சிப்பிலிருந்து பக்கத் தகடு வரை ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். 120 மி.மீ. ஃபேன் வைத்த டவர் கூலரை மாட்டினால் தகடு மூடாது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் 92 மி.மீ. ஃபேன் உள்ள டவர் கூலர் ஒன்று வாங்கி வந்தேன். இங்கிருந்து 90 கிலோமீட்டர்தான். காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். கடைக்காரர் தண்ணீர்க் கூலரைக் காட்டினார். 77 வாட் சிப்புக்கு அது வீண் செலவு. நான் வாங்கியது பின்தட்டு வைத்து ஸ்குருவில் இறுக்கும் வகை என்பதால் மதர்போர்டை முழுவதும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. ஸ்குருக்களை மூலைவிட்டமாக, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால்தான் அழுத்தம் சமமாக விழும். இப்போது முழு வேலையில் 66.

காற்றோட்டத்தை மாற்றியதுதான் எனக்குப் பிடித்த பகுதி. முன்பக்கம் 120 மி.மீ. ஃபேன் ஒன்றைக் காற்றை உள்ளே இழுக்கும்படி மாட்டி, அதன் முன்னே கழற்றிக் கழுவக்கூடிய நைலான் வலை வைத்தேன். பின்னால் இருந்த 80 மி.மீ. ஃபேனின் வேகத்தைப் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) குறைத்தேன். வெளியே தள்ளுவதைவிட உள்ளே வருவது அதிகமாக இருந்தால், கேபினட்டின் சந்து பொந்துகள் வழியே காற்று வெளியேதான் கசியும். தூசு நுழைய வலையைத் தவிர வேறு வழி இருக்காது. முதல் வாரத்திலேயே வலை வெளுத்துவிட்டது. உள்ளே போயிருக்க வேண்டிய தூள் அது. வெப்பநிலை மேலும் மூன்று டிகிரிதான் குறைந்தது. ஆனால் இந்த ஊருக்கு இதைவிட முக்கியமான மாற்றம் வேறில்லை.

பழுதான ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி ஒன்று போட்டேன்: கிங்ஸ்டன் ஏ400, 480 ஜிபி. எச்61இல் டிஸ்க்கை இணைக்க இருப்பவை பழைய, வேகம் குறைந்த சாட்டா-2 போர்ட்டுகள் மட்டுமே. நொடிக்கு 500 எம்பி படிக்கக்கூடிய எஸ்எஸ்டி இங்கே 270இல் நின்றுவிடுகிறது. "பாதி வேகம் வீணாகிறதே" என்று தயங்குகிறவர்கள் உண்டு. தயங்க வேண்டாம். கணினி திறக்கும்போது படிக்கப்படுபவை அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள். ஹார்ட் டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் தலையை நகர்த்தி, தட்டு சுழன்று வரக் காத்திருக்க வேண்டும். பத்து மில்லி நொடிக்கு மேல் போய்விடும். எஸ்எஸ்டிக்கு அதில் மிகச் சிறிய பங்குதான் ஆகும். அந்தக் காத்திருப்புக்கும் போர்ட்டின் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. ஆயுளைப் பற்றியும் பயம் வேண்டாம்: இதற்கு 160 டெராபைட் எழுதும் அளவுக்கு உத்தரவாதம் தருகிறார்கள். ஒரு நடுகல்லுக்கு 10 ஜிபி எழுதினாலும் 16,000 கற்கள்.

பயாஸில் சாட்டா முறையைப் பழைய ஐடிஇயிலிருந்து எஸ்எஸ்டிக்கு ஏற்ற ஏஎச்சிஐக்கு மாற்றிவிட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை நிறுவினேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் சிப்களின் பட்டியலில் என் சிப்பின் மூன்றாம் தலைமுறை இல்லை. மின்ட்டில், அழித்த கோப்புகளின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் ட்ரிம் வாரம் ஒருமுறை தானாக ஓடுகிறது. ராமை 16 ஜிபி ஆக்கினேன்; எச்61க்கு அதுதான் உச்சம்.

இப்போது 21 நொடியில் திறக்கிறது. கல்திட்டை ஒன்றின் படங்களைக் கொடுத்து இரவு முழுக்க ஓடவிட்டேன்: 63 டிகிரி, வேகம் 3.2க்குக் கீழே இறங்கவே இல்லை. பாக்கி இருப்பது யுபிஎஸ். இந்த விலை எஸ்எஸ்டிகளில், மின்சாரம் திடீரென்று நின்றால் எழுதிக்கொண்டிருப்பதைக் காப்பாற்றும் கெப்பாசிட்டர்கள் இருப்பதில்லை. என் யுபிஎஸ்ஸின் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு நிமிடம்கூடத் தாங்குவதில்லை. சம்பளம் வந்ததும் அதை மாற்றிவிட்டு, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எழுதுகிறேன்.