சுட்டானா, சுட்டாரா?

மெய்ப்புத் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி: "பக். 41: சுட்டான். பக். 58: இறந்தார். எது?"

உலக வரலாற்று நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் மெய்ப்பு பார்ப்பவர் என்னைவிட முப்பது வயது மூத்தவர். எழுத்துப்பிழையைவிட ஒருமை பன்மையில்தான் அவர் கண் முதலில் போகும். அவர் சுழித்திருந்த இரண்டு வினைகளும் ஒரே ஆளுடையவை. அந்த ஆளின் பெயர் காவ்ரிலோ பிரின்சிப். 1914 ஜூன் 28 அன்று போஸ்னியாவின் சரயேவோ நகரில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டையும் அவர் மனைவியையும் சுட்டபோது அவருக்குப் பத்தொன்பது வயது.

நான் யோசித்து எழுதிய வித்தியாசம் இல்லை இது. துப்பாக்கியோடு நிற்கும் இடத்தில் கை தானாக 'ஆன்' போட்டது. இருபது வயது நிறையாததால் மரண தண்டனைக்குப் பதில் இருபது ஆண்டு சிறை. தெரேசியன்ஸ்டாட் கோட்டையில் எலும்பைத் தின்ற காசநோய், வெட்டி எடுக்கப்பட்ட கை. அந்தக் கொலைக்குப் பின் மூண்ட முதல் உலகப் போர் முடியும் முன்பே, 1918 ஏப்ரல் 28-இல் மரணம். அந்தப் பக்கத்தை எழுதும்போது அதே கை 'ஆர்' போட்டிருந்தது. பதினேழு பக்கத்துக்குள் ஒரு மனிதரைப் பற்றிய என் தீர்ப்பு மாறியிருந்தது, எனக்கே தெரியாமல்.

முதலில் தப்பிக்கப் பார்த்தேன். "இளவரசரும் அவர் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டனர்" என்று திருத்திக் கொடுத்தேன். ஆனும் இல்லை, ஆரும் இல்லை. ஐயா தாளைப் படித்துவிட்டு, "தம்பி, குண்டு தானா வந்த மாதிரி இருக்கே" என்றார். சரிதான். சுட்ட ஆளே வாக்கியத்தில் இல்லாமல் போயிருந்தார்.

அந்த அத்தியாயத்துக்குப் படங்கள் தேடும் வேலையும் என்னுடையதுதான். சரயேவோவின் லத்தீன் பாலத்தருகே, கொலை நடந்த தெருமுனையில் வெவ்வேறு காலங்களில் வைத்த நினைவுச் சின்னங்களின் படங்களை வரிசையாக மேசையில் பரப்பினேன். என் பென்சில் சிக்கல் ஒரு நகரம் முழுவதற்கும் நூறு ஆண்டுகளாக இருந்துவருவது அப்போதுதான் புரிந்தது.

1917-இல் பேரரசு அந்த இடத்தில் கொல்லப்பட்ட தம்பதிக்குத் தூண்கள் எழுப்பியது. போர் முடிந்து பேரரசு சிதறியதும் அவை அகற்றப்பட்டன. 1920-இல் பிரின்சிப்பின் எலும்புகள் சரயேவோவுக்குக் கொண்டுவரப்பட்டன. 1930-இல் அதே தெருமுனையில் ஒரு கல்வெட்டு வந்தது. விதோவ்தான் நாளில் இங்கே பிரின்சிப் விடுதலையை அறிவித்தார் என்பது அதன் பொருள். விதோவ்தான் என்பது 1389 கொசோவோ போரைச் செர்பியர்கள் நினைவுகூரும் நாள். 1914-இல் இளவரசரின் வருகை அதே நாளில் அமைந்தது.

அடுத்த படத்தைப் பார்த்துத்தான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். 1941 ஏப்ரல். சரயேவோ அப்போது இருந்த யூகோஸ்லாவியா நாட்டை ஜெர்மன் படை பிடித்ததும் அந்தக் கல்லைச் சுவரிலிருந்து பெயர்த்து ஹிட்லருக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பியது. ரயில் பெட்டிக்குள் நின்று அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு தெருமுனைக் கல்லை நாடு விட்டு நாடு கொண்டுபோக ஒரு படை மெனக்கெட்டிருக்கிறது. அவ்வளவு ஆழமாக அந்த வரி அவர்களைக் குத்தியிருக்கிறது.

1945-இல் புதுக் கல். அதில் பிரின்சிப்பும் தோழர்களும் ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர்களை எதிர்த்த போராளிகள். அப்போதுதான் நாஜிகளை விரட்டியிருந்த நாடு, 1914-ஐயும் அதே சண்டையின் முதல் நாளாகப் படித்தது. 1953-இல் மறுபடி ஒரு வாசகம்: அந்தக் குண்டுகள் கொடுங்கோன்மைக்கு எதிரான மக்களின் குரல், நம் மக்களின் நூற்றாண்டுகால விடுதலை வேட்கை. பக்கத்தில் ஓர் அருங்காட்சியகம். பாலத்துக்குப் பிரின்சிப்பின் பெயர். அவர் நின்று சுட்டதாகச் சொல்லப்பட்ட இடத்தில், நடைபாதையில் இரண்டு காலடித் தடங்கள்.

வியன்னாவின் ராணுவ அருங்காட்சியகத்தில் இளவரசர் வந்த காரும் ரத்தக்கறை படிந்த அவருடைய சீருடையும் இருக்கின்றன. ஒரு நகரம் இறந்தவரின் துணியைக் காத்து வைத்தது, இன்னொரு நகரம் சுட்டவரின் பாதத்தைக் கல்லில் பதித்தது. இரண்டு படங்களையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வைக்கச் சொல்லி வடிவமைப்பாளரிடம் கேட்டு வாங்கினேன்.

அப்புறம் 1992. போஸ்னிய செர்பியப் படைகள் சரயேவோவைச் சுற்றி வளைத்தன. மலைகளிலிருந்து குண்டுகள் விழுந்த அந்த முற்றுகை 1996 வரை நீடித்தது. காலடித் தடங்கள் போர்க்காலத்தில் காணாமல் போயின, பாலத்துக்குப் பழைய பெயர் திரும்பியது. பிரின்சிப் விசாரணையில் தன்னை யூகோஸ்லாவ் தேசியவாதி, அதாவது தென் ஸ்லாவிய மக்களெல்லாம் ஒரே நாடாக வேண்டும் என்பவர், என்றுதான் சொல்லிக்கொண்டார். அவர் கேட்ட நாடு அமைந்து, நொறுங்கி, இல்லாமலும் போனது. மிச்சமிருந்தது செர்பியர் என்ற அடையாளம் மட்டும். முற்றுகையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊருக்கு அந்தப் பெயர் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. 2014-இல் நூற்றாண்டு நினைவும் இரண்டாகப் பிரிந்தது. சரயேவோவில், 1992-இல் எரிந்து புதுப்பிக்கப்பட்ட நகரமன்றத்தில் வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது. செர்பியர்கள் வாழும் கிழக்குச் சரயேவோவில் பிரின்சிப்புக்குச் சிலை திறந்தார்கள். மறு ஆண்டு பெல்கிரேடிலும் ஒன்று.

தெருமுனையில் இப்போது இருப்பது 2004-இல் வைத்த கல். இந்த நாளில் இந்த இடத்திலிருந்து இன்னார் இன்னாரைக் கொன்றார் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. முதலில் எனக்கு அது சப்பென்று இருந்தது. பழைய வாசகங்களோடு சேர்த்துப் படித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. 1930, 1945, 1953 என மூன்று கல்வெட்டுகளிலும் செத்தவர்களின் பெயரே கிடையாது. விடுதலை இருக்கிறது, மக்கள் இருக்கிறார்கள், கொடுங்கோன்மை இருக்கிறது. காரில் இருந்த இருவர் இல்லை. இந்தக் கடைசிக் கல்தான் மூன்று பேரையும் பெயர் சொல்லி எழுதியது.

ஐயாவிடம் போய், நூல் முழுக்க எல்லோருக்கும் 'ஆர்' என்று வைத்துவிடலாமா என்று கேட்டேன். "கொலை பண்ணினவருக்குமா?" என்றார். ஆமாம் என்றேன். அது பாராட்டு இல்லை ஐயா, ஆன் போட்டால் வாசகருக்கு முன்னாலேயே நாம் தண்டனை கொடுத்துவிடுகிறோம் என்று விளக்கினேன். அந்தக் கொலையை நான் எந்த விதத்திலும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் போரின் 'உடனடிக் காரணம்' என்று ஒரு சொல்லில் எல்லாவற்றையும் பத்தொன்பது வயதுப் பையன்மேல் ஏற்றுவதும் எனக்கு ஒப்பவில்லை. கொலைக்கும் போர் அறிவிப்புக்கும் நடுவே சரியாக ஒரு மாதம் இருந்தது. ஜூலை 23-இல் செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை அனுப்பியவர்கள், 28-இல் போர் அறிவித்தவர்கள், எல்லோரும் வயதில் பெரியவர்கள், அமைச்சர்கள், அரசர்கள். அவர்களுக்கெல்லாம் கேட்காமலே 'ஆர்' போட்டிருந்தேன்.

அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். பிறகு பக்கம் 41-இல் 'சுட்டான்' என்பதை அடித்து 'சுட்டார்' என்று எழுதி, ஓரத்தில் தன் சுருக்கொப்பத்தை வைத்தார்.

அச்சுக்குப் போகுமுன் நான் திருத்தியது ஒரு படக்குறிப்பை. நகரமன்றப் படிகளில் இருவரும் இறங்கிக் காருக்கு வரும் படம் அது. காலையில் எறியப்பட்ட குண்டு தவறிப்போய், வரவேற்பும் முடிந்து புறப்படுகிறார்கள். மனைவி வெள்ளை உடையில், அகன்ற தொப்பியில். வீட்டில் மூன்று பிள்ளைகள். பிரின்சிப்பே அவரைக் கொல்ல நினைக்கவில்லை, போஸ்னிய ஆளுநரைத்தான் குறிவைத்தேன் என்று விசாரணையில் சொன்னார். என் குறிப்பு "இளவரசரும் மனைவியும்" என்றிருந்தது. 'மனைவியும்' என்பதை எடுத்துவிட்டு, 'சோஃபியும்' என்று சேர்த்தேன்.